ஹேண்ட்லூம் வேற... ஹேண்ட்பிளாக் வேற! துப்பட்டா வாங்கும் முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

“அண்ணே, இது கைத்தறியா?”

“பியூர் ஹேண்ட்பிளாக் மா. கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்!”

ஊருக்கு ஊர் நடக்கும் கைவினைப் பொருள் கண்காட்சிகளில், ஏதாவது ஒரு துப்பட்டா ஸ்டாலில் பத்து நிமிடம் நின்றால் இந்த உரையாடல் காதில் விழுந்துவிடும். அந்த அம்மாவும் தலையாட்டிவிட்டு பர்ஸைத் திறப்பார். கொஞ்சம் கவனித்தால் புரியும். அவர் கேட்டது நெசவைப் பற்றி. கடைக்காரர் பதில் சொன்னது அச்சைப் பற்றி. பொய் சொல்லவில்லை. ஆனால், கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லவில்லை.

ஹேண்ட்லூம் என்றால் துணியைக் கைத்தறியில் நெய்தது. ஹேண்ட்பிளாக் என்றால் மரக்கட்டை அச்சைச் சாயத்தில் தொட்டு, கையால் ஒவ்வொன்றாகப் பதித்தது. இரண்டும் வெவ்வேறு வேலை, வெவ்வேறு ஆட்கள், பெரும்பாலும் வெவ்வேறு ஊர்கள். கையால் அச்சிட்ட துப்பட்டாக்களில் பெரும்பகுதி, மில் துணியிலோ விசைத்தறித் துணியிலோ அச்சிட்டவைதான். அதில் குற்றம் எதுவும் இல்லை. நல்ல மில் காட்டனில் நேர்த்தியாக அச்சிட்ட துப்பட்டா, அதற்குரிய விலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். மில் துணியை ‘ஹேண்ட்லூம்’ போர்டுக்குக் கீழே தொங்கவிட்டு, கைத்தறி விலைக்கு விற்கும்போதுதான் சிக்கல். அந்த வித்தியாசப் பணம் நெசவாளருக்குப் போவதில்லை.

எனவே, கேள்வியை மாற்றிக் கேட்பது நல்லது. “நெசவு எந்த ஊர்? அச்சு எந்த ஊர்?” இந்த இரண்டும் போதும். சரக்கு தெரிந்த கடைக்காரர், “மங்களகிரி துணிம்மா, அச்சு பெடனாவுல போட்டது” என்றோ, “மகேஷ்வர் நெசவு, பாக் பிரின்ட்” என்றோ சட்டெனச் சொல்லிவிடுவார். “எல்லாம் ஜெய்ப்பூர்தான்” என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், அடுத்தகட்டப் பரிசோதனைக்குக் கையையும் கண்ணையும் தயார்படுத்திக்கொள்ளலாம்.

துணியின் ஓரம் சொல்லும் ஜாதகம்

துப்பட்டாவை விரித்ததும் எல்லோர் கண்ணும் டிசைனுக்குத்தான் போகும். முதலில் ஓரத்தைப் பார்க்க வேண்டும். கைத்தறியில் துப்பட்டா அதற்கான அகலத்திலேயே நெய்யப்படுவதால், நீளவாக்கில் இரண்டு பக்கமும் நெசவுக் கரை இருக்கும். ஊடை நூல் அந்தக் கரையில் திரும்பி மறுபடி உள்ளே போவது தெரியும். நீளப் பக்கங்கள் இரண்டையும் மடித்து மெஷின் தையல் போட்டிருந்தால், அகலமான துணியிலிருந்து வெட்டியெடுத்தது என்று பொருள். ஓரத்தில் ஊடை நூல்கள் வரிசையாக வெட்டப்பட்டுக் குஞ்சம் போல நீட்டிக்கொண்டிருந்தால், அது நாடா இல்லாத நவீன மெஷின் தறியில் ஓடிய துணி. அங்கே கைத்தறி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து ஊசித்துளைகள். நெய்யும்போது துணி அகலத்தில் சுருங்கிவிடாமல் இருக்க, இரண்டு முனையிலும் கூர்மையான ஊசிகள் கொண்ட ஒரு குச்சியைக் குறுக்கே பொருத்தி இழுத்துப் பிடிப்பார்கள். நெசவு நகர நகர அதை எடுத்து மாற்றிக் குத்துவார்கள். அதனால், கரையோரம் ஓரளவு இடைவெளி விட்டு நுண்ணிய துளைகள் தெரியும். ஆனால், துணியைப் பலமுறை துவைத்துச் சாயமேற்றிய பிறகு இந்தத் துளைகள் மறைந்துபோவதும் உண்டு. சில விசைத்தறிகளிலும் ஓரத்தில் புள்ளித்தடம் விழும். ஆகவே, ஓர் அடையாளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரியும் லேசான நூல் ஏற்ற இறக்கம், கரை, துளை என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்களுக்கு முத்திரை இருக்கிறது. மத்திய ஜவுளி அமைச்சகம் 2006-ல் கொண்டுவந்த ‘ஹேண்ட்லூம் மார்க்’ லேபிள், துணி கைத்தறியில் நெய்யப்பட்டது என்பதற்கான உறுதி. 2015 ஆகஸ்ட் 7 அன்று முதல் தேசிய கைத்தறி தினம் கொண்டாடப்பட்டது நம் சென்னையில்தான். அந்த மேடையில்தான் ‘இந்தியா ஹேண்ட்லூம்’ பிராண்டும் அறிமுகமானது. ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இந்த முத்திரைகள் பேசுவது நெசவைப் பற்றித்தான். அச்சு கையால் போட்டதா, ஸ்கிரீனில் போட்டதா என்பதை நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

அச்சைப் படிப்பது எப்படி?

அச்சுக்கட்டைகளுக்குப் பெயர்போன ஊர், குஜராத்தின் பேத்தாபூர். தேக்குக் கட்டையில் டிசைனைச் செதுக்கி, எண்ணெயில் ஊறவைத்துப் பதப்படுத்திய பிறகே அச்சடிக்க அனுப்புவார்கள். ஒரு பூவுக்கு ஒரு கட்டை என்று நினைத்துவிடக் கூடாது. வெளிக்கோட்டுக்கு ஒரு கட்டை, பின்னணி நிறத்துக்கு ஒன்று, உள்ளே நிரப்புவதற்கு வேறொன்று. அச்சுக்காரர்கள் இவற்றை ரேக், கத், தத்தா என்று அழைக்கிறார்கள். நான்கு நிறப் பூ என்றால் நான்கு கட்டைகள், நான்கு முறை. நீளமான மேஜையில் பல மடிப்புத் துணி விரித்து, அதன்மேல் துப்பட்டாவை இழுத்துக் குத்தி, கட்டையைச் சாயத் தட்டில் தொட்டு, சரியான இடத்தில் வைத்து, கைமுட்டியால் ஒரு தட்டு. அடுத்த இடம். மறுபடி ஒரு தட்டு. முழுத் துப்பட்டாவும் நிறைய வேண்டும் என்றால் எத்தனை நூறு தட்டு என்று எண்ணிப் பார்த்தால், விலையைப் பேரம் பேசும் வாய் கொஞ்சம் தயங்கும்.

அந்தத் தட்டுகளின் தடயம் துணியில் இருக்கும். கட்டையும் கட்டையும் சந்திக்கும் இடத்தில் கோடு இழையளவு விலகியிருக்கும், அல்லது ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடர்த்தியாக இருக்கும். அடுத்த கட்டையை எங்கே வைப்பது என்று காட்டுவதற்காகக் கட்டையின் மூலையில் வைக்கும் சின்னஞ்சிறு புள்ளிகளும் சில துணிகளில் தெரியும். கட்டையில் சாயம் நிறைந்திருந்தபோது பதிந்த பூ அழுத்தமாகவும், சற்றுக் காய்ந்தபோது பதிந்த பூ வெளிறியும் இருக்கும். பின்பக்கம் திருப்பினால் சாயம் துணிக்குள் இறங்கியிருப்பது தெரியும். முன்பக்கம் மட்டும் பளிச்சென்று, பின்பக்கம் வெள்ளையாக இருந்து, அச்சின்மேல் விரலை ஓட்டினால் பிளாஸ்டிக் படலம் போல் தட்டுப்பட்டால், அது மேலோட்டமான அச்சு.

இப்போது டிஜிட்டல் பிரின்டிலும் இந்த ‘கோளாறுகளை’ வரவழைத்துவிடுகிறார்கள். விலகிய கோடு, பாதி வெளிறிய பூ எல்லாமே கம்ப்யூட்டரில் தயார்! அதைப் பிடிக்கவும் வழி இருக்கிறது. ஒரு பூவில் தெரியும் பிசிறைத் தேர்ந்தெடுத்து, துணி நெடுக அதே பிசிறு எங்கே மறுபடி வருகிறது என்று தேடுங்கள். இரண்டு ஜாண் தள்ளி அதே இடத்தில், அதே அளவில், அதே பிசிறு வந்தால் அது மெஷின். மனிதக் கை ஒரே தப்பை அளந்து அளந்து செய்யாது.

அஜ்ரக் என்னும் பொறுமை

துப்பட்டா உலகில் இப்போது அதிகம் தேடப்படும் பெயர் அஜ்ரக். ஆழ்ந்த நீலம், செம்மண் சிவப்பு, கறுப்பு, நடுவே நட்சத்திரம் போல வெள்ளை. சிந்து பகுதியிலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் காத்ரி சமூகத்தினர் தலைமுறைகளாகச் செய்துவரும் கலை இது. ‘அஸ்ரக்’ என்ற, நீலத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பார்கள். ‘ஆஜ் ரக்’, அதாவது ‘இன்றைக்கு அப்படியே வை’ என்பதுதான் பெயரின் மூலம் என்று கதை சொல்பவர்களும் உண்டு. செய்முறையைக் கேட்டால் இரண்டாவது கதைதான் பொருத்தம் என்று தோன்றும்!

முதலில் துணியை ஆமணக்கெண்ணெய், சோடா, ஒட்டகச் சாணம் கலந்த கரைசலில் ஊறவைத்துக் காயவைத்துப் பக்குவப்படுத்துவார்கள். பிறகு கடுக்காய் நீரில் முக்கினால் துணி இளமஞ்சளாகும். வெள்ளையாக நிற்க வேண்டிய கோடுகளில் சுண்ணாம்பும் பிசினும் கலந்த கலவையை அச்சிடுவார்கள். அங்கே எந்தச் சாயமும் ஒட்டாது. கறுப்பு வேண்டிய இடத்தில் இரும்புக் கரைசல். பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் புளிக்கவைத்து எடுப்பது அது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சந்திக்கும்போது கறுப்பு பிறக்கிறது. அந்தக் காலத்தில் எழுதும் மை தயாரானதும் இதே ரசாயனத்தில்தான். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம். பிறகு அவுரித் தொட்டியில் நீலம், வெயிலில் காயல், ஓடும் நீரில் அலசல், மஞ்சிட்டி அல்லது அலிசரின் சாயத்தில் கொதிக்கவைத்துச் சிவப்பு. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே காத்திருப்பு. நயமான அஜ்ரக்கில் இருபுறமும் அச்சிடுவதுண்டு. அதில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று சொல்வதே கஷ்டம்.

இந்தக் கலை தண்ணீரை நம்பி இருப்பது. கட்ச்சின் தமட்கா கிராமம்தான் அஜ்ரக்கின் பழைய வீடு. 2001 ஜனவரி 26 அன்று வந்த பூகம்பம் அந்த ஊரைத் தரைமட்டமாக்கியது. வீடுகளை மறுபடி கட்டலாம். ஆனால், அங்கு நிலத்தடி நீரில் இரும்புச் சத்து கூடிப்போனது. இரும்பு கலந்த நீர், நிறங்களை மங்கவைத்துவிடும். எனவே, பல குடும்பங்கள் புஜ் நகரத்துக்கு அருகே ஒரு புதிய ஊரை உருவாக்கிக் குடியேறினார்கள். ஊருக்கே தொழிலின் பெயர்: அஜ்ரக்பூர். இயற்கைச் சாயத்தை மீட்டெடுத்த காத்ரி குடும்பத்தைச் சேர்ந்த இஸ்மாயில் முகமது காத்ரிக்கு, இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2003-ல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 2024-ல் கட்ச் அஜ்ரக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இத்தனைக்கும் பிறகு, ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு ‘ஒரிஜினல் அஜ்ரக்’ என்று வருவதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது வாங்குபவரின் கணக்கு.

ராஜஸ்தானில் ஜெய்ப்பூரை ஒட்டி இரண்டு அச்சு ஊர்கள். சாங்கனேர் என்றால் வெள்ளைத் தரையில் மென்மையான பூங்கொத்துகள். பக்ரு என்றால் பழுப்பேறிய தரையில் சிவப்பும் கறுப்பும், கூடவே ‘தாபு’ வேலை. களிமண், சுண்ணாம்பு, பிசின், புழு அரித்த கோதுமைத் தூள் எல்லாம் கலந்த சேற்றை அச்சிட்டு, ஈரம் காயும் முன் மரத்தூளைத் தூவி, அவுரியில் முக்குவார்கள். சேறு வெடித்த இடத்தில் சாயம் கசிந்து நரம்பு போல மெல்லிய கோடுகள் விழும். அது அழுக்கோ தரக் குறைவோ அல்ல. அதுதான் தாபுவின் அழகு. மத்தியப் பிரதேசத்தின் பாக் கிராமத்தில் வெள்ளைத் தரையில் சிவப்பும் கறுப்பும்.

நமக்குப் பக்கத்து வீடு, ஆந்திராவின் மச்சிலிப்பட்டினமும் அதையொட்டிய பெடனாவும். இங்கே ஒரு குழப்பம் உண்டு. ‘கலம்’ என்றால் பேனா. பேனாவால் வரைவது ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி. மச்சிலிப்பட்டினம் கலம்காரி மரக்கட்டை அச்சு. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், விலை ஒன்றல்ல. சோழமண்டலக் கரையிலிருந்து சாயத்துணிகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய 17-ம் நூற்றாண்டில், அவற்றின் சிவப்புக்குக் காரணம் நம் கடற்கரை மணலில் விளைந்த சாயவேர். இன்றும் இயற்கை அவுரிச் சாயத்துக்குத் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரம் பெயர் பெற்றது. எங்கோ வடக்கே அச்சிட்ட துப்பட்டாவின் நீலம் நம் ஊர் வயலில் விளைந்ததாகவும் இருக்கலாம்.

‘மோடால் சில்க்’கில் சில்க் எங்கே?

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ‘மோடால் சில்க் அஜ்ரக்’ என்று வழுவழுப்பாக, பளபளப்பாக விற்கிறார்களே, அதில் பட்டு கிடையாது. மோடால் என்பது மரக்கூழிலிருந்து தயாராகும் செயற்கை இழை. அணியச் சுகமாக இருக்கும், வழுக்கும், நன்றாகத் தொங்கும். அதில் அஜ்ரக் அச்சும் பிரமாதமாக விழும். ஆனால், பட்டு விலை கொடுக்க வேண்டியதில்லை. சந்தேகமாக இருந்தால், ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, பாதுகாப்பாக, ஒரு தட்டின்மேல் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டு, முடி கருகும் நாற்றம் அடிக்கும். பருத்தியும் மோடாலும் காகிதம் எரிவது போல மணந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். ஆனால், இந்தச் சோதனை வீட்டில்தான். கடையில் தீப்பெட்டியை எடுத்தால் அண்ணன் டென்ஷன் ஆகிவிடுவார்!

இயற்கைச் சாயம் என்ற சொல்லிலும் கவனம் தேவை. கை அச்சு எல்லாமே இயற்கைச் சாயம் இல்லை. ரசாயனச் சாயத்தில் கை அச்சு ஏராளம். ரசாயனம் என்றாலே விஷம் என்று பதற வேண்டியதும் இல்லை. தீங்கான சில வகை அசோ சாயங்களை இந்தியா 1990-களிலேயே தடை செய்துவிட்டது. ஆனால், கண்ணைப் பறிக்கும் ரேடியம் பச்சையையும் ஃப்ளோரசன்ட் பிங்க்கையும் காட்டி, “வெஜிடபிள் டை மேடம்” என்றால், எந்தக் காய்கறி என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

துணியைத் தேர்ந்தெடுப்பது, போட்டுக்கொண்டு எங்கே போகிறோம் என்பதைப் பொறுத்தது. சித்திரை வெயிலுக்கு மல் காட்டன் போல் ஒன்று கிடையாது. சின்னச் சின்னச் சதுரங்களாகக் காற்று புகும் கோட்டா டோரியாவும் அருமை, ஆனால் கம்மல் கொக்கியில் மாட்டினால் நூல் இழுபடும். விசேஷங்களுக்கு மகேஷ்வரியும் சந்தேரியும். தினமும் ஆபீஸுக்குப் போட்டுத் துவைத்து அடிக்க மங்களகிரி. இரண்டரை மீட்டர் துப்பட்டா சமாளிக்க முடியாதவர்களுக்கு இரண்டு மீட்டர் ஸ்டோல் போதும்.

அழகைவிட முக்கியமான விஷயம் ஒன்று. டூவீலரில் போகும்போது துப்பட்டா நுனி பின் சக்கரத்தில் சிக்கி நடக்கும் விபத்துகள் நம் ஊரில் புதிதல்ல. கழுத்தைச் சுற்றிய துணி சக்கரத்தில் சிக்கினால், யோசிக்க ஒரு நொடிகூடக் கிடைக்காது. பைக்கின் பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. பழைய வண்டி வாங்கும்போது அது கழன்று போயிருந்தால் முதல் வேலையாக மாட்டிவிட வேண்டும். மல் துணி காற்றில் பறப்பதில் கெட்டிக்காரத் துணி. வண்டியில் ஏறும் முன் மடித்துப் பைக்குள் வைப்பது, அல்லது இரண்டு நுனியையும் முன்பக்கம் இழுத்து முடிந்துகொள்வது என்பது பழக்கமாகவே ஆக வேண்டும்.

முதல் அலசல்... முக்கியமான அலசல்

துப்பட்டா வீட்டுக்கு வந்துவிட்டது. உடனே வெள்ளைக் குர்தாமேல் போட்டுக்கொண்டு கிளம்பினால், வியர்வையில் சாயம் இறங்கி அந்தக் குர்தாவுக்கும் புது டிசைன் கிடைத்துவிடும். முதலில், ஈரமான வெள்ளைக் கைக்குட்டையைத் துப்பட்டாவின் ஒரு மூலையில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். எந்த நிறம் ஒட்டுகிறது, எவ்வளவு ஒட்டுகிறது என்று தெரிந்துவிடும். அவுரி நீலம் ஆரம்பத்தில் கையில் ஒட்டுவது இயல்பு. இழையின் மேற்புறத்தில் தங்கிய நீலம் உரசலில் உதிர்கிறது. இரண்டு மூன்று அலசலில் அடங்கிவிடும்.

பாட்டி காலத்திலிருந்து சொல்லப்படும் வைத்தியம், ஒரு கைப்பிடி கல் உப்பு. “உப்புத் தண்ணியில ஊறவை, சாயம் போகாது” என்பார்கள். சாயப்பட்டறைத் தொட்டியில் சில வகைச் சாயங்கள் நூலில் ஏறுவதற்கு உப்பு உதவுகிறது என்பது உண்மை. ஆனால், ஏற்கெனவே அச்சிட்டு வந்த துணியில், ஒட்டாமல் நிற்கும் சாயத்தை வீட்டு பக்கெட்டில் போடும் உப்பு ஒட்டவைக்காது. வினிகரும் அப்படித்தான். அதைவிட மோசமும்கூட. அஜ்ரக், பக்ரு, பாக் போன்றவற்றின் கறுப்பு இரும்பில் பிறந்தது என்று பார்த்தோம் இல்லையா? புளிப்பு பட்டால் அந்தக் கறுப்பு வெளுக்கும். கறையைப் போக்க எலுமிச்சையைத் தேய்ப்பதும் இதே காரணத்தால் கூடாது. எதிர்ப்பக்கம், சோடா அதிகமுள்ள சலவைத் தூளும் ஆகாது. குழம்புக் கறையில் சோப்பு போட்டால் மஞ்சள் சிவப்பாக மாறுகிறதே, அதே வேலையை அது மஞ்சள் கலந்த இயற்கைச் சாயத்திலும் செய்யும்.

செய்ய வேண்டியது எளிமையானது. ஒரு பெரிய பக்கெட் நிறையக் குளிர்ந்த நீர். துப்பட்டாவைத் தனியாக, விரித்தபடி முக்கி, ஓரிரு நிமிடம் அலசி, எடுத்துவிட வேண்டும். நீரில் நிறம் இறங்கினால் நீரை மாற்றி மறுபடி. ‘ஊறட்டும்’ என்று விட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போவதுதான் ஆபத்து. இறங்கிய சாயம் போக்கிடம் இல்லாமல் துணியின் வெள்ளைப் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாக் கிராமத்துக்காரர்கள் அச்சிட்ட துணியை பாகினி ஆற்றில், ஓடும் நீரில் அலசுவதன் சூட்சுமமும் இதுதான். ஒட்டாத சாயத்தை ஆறு அடித்துக்கொண்டு போய்விட வேண்டும், துணிமேல் திரும்ப விடக் கூடாது. எனவே, வெள்ளையில் நிறம் கசிந்துவிட்டதைப் பார்த்தால், அப்படியே காயவிடாமல் உடனே தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். காய்ந்துவிட்டால் கிளப்புவது மிகவும் சிரமம்.

அடுத்தடுத்த துவையலுக்கு பூந்திக்கொட்டை நீர் அருமையானது. நாலைந்து கொட்டைகளை இரவே ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டினால் ஒரு துப்பட்டாவுக்குப் போதும். கிடைக்காதவர்கள் மென்மையான லிக்விட் சோப்பைச் சில சொட்டுகள் விட்டுக்கொள்ளலாம். பிரஷ் போடுவது, கல்லில் அடிப்பது, முறுக்கிப் பிழிவது மூன்றும் மல் துணிக்கு எதிரி. பழைய டவலில் சுருட்டி அழுத்தினால் நீர் போய்விடும். பட்டு கலந்த மகேஷ்வரி, சந்தேரிக்கு முதல் முறை டிரை வாஷ் கொடுப்பது பத்திரம்.

வாஷிங் மெஷினில் போட்டே ஆக வேண்டும் என்பவர்கள், நான்கைந்து கைத்துவையலுக்குப் பிறகு, வலைப்பைக்குள் போட்டு, குளிர்ந்த நீரில், டெலிகேட் மோடில் ஓட்டலாம். ஜீன்ஸோடு சேர்த்துப் போடுவது மட்டும் வேண்டாம். ஜிப்பில் மாட்டிய கோட்டா டோரியாவைக் காப்பாற்ற யாராலும் முடியாது.

காயவைப்பது நிழலில், உள்பக்கம் வெளியே தெரியும்படி. மொட்டைமாடி உச்சி வெயில், நம் ஊரில் சாயத்துக்குப் பெரிய வில்லன். மஞ்சள்தான் முதலில் பறக்கும், நீலத்துடன் மஞ்சள் சேர்த்து உண்டாக்கிய பச்சை, சில மாதங்களில் நீலமாக நிற்பதும் அதனால்தான். கொடிக்கயிற்றில் ஒரே இடத்தில் மடிந்து தொங்கினால், அந்தக் கோட்டில் மட்டும் நிறம் வெளுக்கும். லேசான ஈரம் இருக்கும்போதே உள்பக்கமாக அயர்ன் செய்தால் சுருக்கம் சட்டெனப் போகும்.

சாப்பிடும்போது சாம்பார் சிந்திவிட்டால் தேய்க்கக் கூடாது. டிஷ்யூவால் ஒற்றியெடுத்து, வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்த நீரும் மைல்டு சோப்பும். எண்ணெய் என்றால் டால்கம் பவுடரைத் தூவிச் சில மணி நேரம் வைத்துத் தட்டிவிட்டு, பிறகு அலசலாம். பெர்ஃப்யூமை நேராகத் துப்பட்டாமேல் அடிப்பதைத் தவிர்ப்பது நல்லது.

கஞ்சி போட்டு மொடமொடப்பாகப் போட்டுக்கொள்ளப் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால், கஞ்சியோடு மாதக்கணக்கில் பீரோவில் வைத்தால் சில்வர் ஃபிஷ் பூச்சிகளுக்கு விருந்துதான். எடுத்து வைக்கும் முன் ஒருமுறை கஞ்சி போக அலசி, நன்றாகக் காயவைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு உள்ளே பூசணம் பிடிக்கும். பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி, காய்ந்த வேப்பிலையோ வசம்போ தனியாக முடிந்து பக்கத்தில் வைத்தால் போதும். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடிக்காவிட்டால், ஒரே மடிப்பில் நூல் நைந்துவிடும்.

பெரும்பாலான மல் துப்பட்டாக்களின் ஆயுளை முடிப்பது சாயமல்ல, சேஃப்டி பின். தோளில் தினமும் ஒரே இடத்தில் குத்த, ஒருநாள் அங்கே கிழியும். பின்னுக்கும் துணிக்கும் நடுவே ஒரு மணியோ, சின்னத் துணித் துண்டோ கோத்துக்கொண்டால் இழுவை குறையும். கிழிந்தாலும் பரவாயில்லை, இழையோட்டித் தருகிற டெய்லர்கள் இன்னும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அதற்கும் மேல் நைந்துபோன மல் துணி, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகியிருக்கும். நான்கு மடிப்பாக மடித்து ஓட்டத்தையல் போட்டால், ஏசி அறையில் குழந்தைக்குப் போர்த்த அத்தனை இதமாக இருக்கும். தைக்கும் முன் அதே ஈரக் கைக்குட்டையால் ஒருமுறை அழுத்திப் பார்த்து, நிறம் ஒட்டவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கைக்குழந்தைகள் போர்வை நுனியைத்தான் முதலில் வாயில் வைப்பார்கள்.